லிஃப்ட் கிட்டைக் கடைசியில் வாங்குங்கள்

சுசூகி ஜிம்னியோ மகிந்திரா தாரோ மாதிரி 4 வீல் டிரைவ் வண்டியைப் புதிதாக வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை இன்ச் லிஃப்ட் போடலாம்?" என்பதுதான், அதாவது உயரமான ஸ்பிரிங் போட்டு வண்டியின் பாடியை எவ்வளவு தூக்கலாம் என்று. டயரில் எவ்வளவு காற்று வைப்பது, நாலு சக்கரத்தையும் மெதுவாக, பலமாக இழுக்க வைக்கும் 4 லோ கியரை எப்போது போடுவது, அச்சின் நடுவில் இருந்து இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் ஆயிலை எப்போது மாற்றுவது என்றெல்லாம் கேட்பவர்கள் அபூர்வம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. மண்ணிலும் கல்லிலும் ஓடப்போகிற வண்டிக்குப் பணம் செலவழித்தால், முதலில் சக்கரம் தரையைப் பிடிப்பதற்குச் செலவழியுங்கள். அடுத்து அந்தச் சக்கரத்துக்கு மெதுவான, சீரான இழுவை போய்ச் சேர்வதற்கு. உயரமெல்லாம் அதற்கு அப்புறம், அதுவும் தேவைப்பட்டால்.

நான் கோவைக்காரன். முன்பு ஜிப்ஸி வைத்திருந்தேன், இப்போது ஐந்து கதவு ஜிம்னி. கூட வருகிற நண்பர்களிடம் தார், கூர்க்கா, இசுசூ வி-கிராஸ் எல்லாம் உண்டு. நாங்கள் போவது தனியார் தோட்டங்களின் உள்பாதைகளில், முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு. காப்புக்காட்டுக்குள் வண்டியை இறக்குகிறவர்களோடு சேர்ந்து போவதில்லை. ஆகவே நான் சொல்வதெல்லாம் ஈரமான செம்மண், உருளைக் கல், மழைநீர் அறுத்துப்போட்ட பள்ளம், தேயிலைத் தோட்டத்து ஏற்றம் ஆகியவற்றுக்குப் பொருந்தும். ராஜஸ்தான் மணலில் வேகமாக ஓட்டுகிறவருக்குக் கணக்கு வேறு.

லிஃப்ட் ஏன் கடைசி என்பதற்கு எளிமையான காரணம் ஒன்று இருக்கிறது. ஜிம்னி, ஜிப்ஸி, பழைய மகிந்திரா ஜீப் எல்லாவற்றிலும் முன்னும் பின்னும் இருப்பது ஒரே கட்டையான அச்சு. அதன் நடுவில் டிஃபரன்ஷியல், ஹவுசிங் என்கிற இரும்புக் கூட்டுக்குள் உருண்டையாகத் தொங்கும். வண்டியின் அடியில் தரைக்கு மிக அருகில் இருப்பது அதுதான், கல்லில் முதலில் மோதுவதும் அதுதான். அந்த அச்சு நிற்பது டயரின் மேல். ஸ்பிரிங்கோ அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்கிறது. ஆகவே 50 மில்லிமீட்டர் உயரமான ஸ்பிரிங் போட்டால் பாடி 50 மில்லிமீட்டர் மேலே போகும், டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். தரைக்கும் அதற்குமான இடைவெளி ஒரு மயிரிழைகூட அதிகமாகாது. அதைத் தூக்க டயர் ஒன்றுதான் வழி. ஜிம்னியில் கம்பெனி கொடுக்கும் 195/80 ஆர்15 டயரின் விட்டம் கணக்குப்படி 693 மில்லிமீட்டர். 235/75 ஆர்15 போட்டால் சுமார் 733. வித்தியாசம் 40, அதில் பாதி, அதாவது 20 மில்லிமீட்டர், டிஃபரன்ஷியலுக்குக் கிடைக்கும். பொள்ளாச்சிப் பக்கம் என் ஜிப்ஸிக்கு வேலை பார்த்த வயதான மெக்கானிக் ஒருவர் இதை என்னிடம் ஒரே வரியில் சொன்னார்: "தம்பி, ஹவுசிங் மேல வரணும்னா டயரைப் பாருங்க, ஸ்பிரிங்கைப் பாக்காதீங்க."

லிஃப்டால் பயனே இல்லை என்று சொல்லவரவில்லை. ஐந்து கதவு ஜிம்னியின் வீல்பேஸ் 2590 மில்லிமீட்டர், வெளிநாடுகளில் விற்கும் மூன்று கதவு வண்டிக்கு 2250. நீளம் கூடியதால் மேட்டின் உச்சியில் வயிறு தட்டுகிற கோணம் 28 டிகிரியிலிருந்து 24 ஆகக் குறைந்துவிட்டது. 50 மில்லிமீட்டர் தூக்கினால் ஏறத்தாழ 4 டிகிரி திரும்பக் கிடைக்கும். அதாவது அவ்வளவு செலவு செய்தும் மூன்று கதவு வண்டி ஷோரூமிலிருந்து வரும்போதே வைத்திருக்கும் எண்ணைத்தான் எட்டுகிறோம். பெரிய டயருக்கு இடம் வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் தூக்குவதும் நியாயம்தான், 235 அளவு டயர் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் பம்பர் ஓரத்தில் உரசும். இப்படி எதற்காகத் தூக்குகிறோம் என்று தெரிந்து தூக்கினால் சரி.

டயரிலிருந்தே ஆரம்பிப்போம். அகலமான டயர்தான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். கொழுக்குமலைக்குப் போயிருப்பவர்கள் அங்கே ஓடும் ஜீப்புகளை நினைத்துப் பார்க்கலாம். தோட்டம் நம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் ஏற வேண்டியது இடுக்கிப் பக்கத்துச் சூரியநெல்லியில். விடிவதற்கு முன்பே வரிசையாகக் கிளம்புகிற அந்த மகிந்திரா ஜீப்புகள், ஆட்களை நிறைத்துக்கொண்டு, பெயர்ந்த கல் மேல் தினமும் ஏறி இறங்குகின்றன. இந்த ரகப் பழைய ஜீப்புகளுக்கு உரிய டயர் 6.00-16, ஆறு இன்ச் அகலம்தான். கமான் பட்டை (இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்), லோ கியர், பாதையின் ஒவ்வொரு கல்லையும் அறிந்த டிரைவர், இந்த மூன்றும் போதுமாக இருக்கிறது. ஒல்லியான டயர் சேற்றின் மேல்பரப்பை அறுத்துக்கொண்டு கீழே உள்ள கெட்டித் தரையைத் தொடும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் நுழையும், ஸ்டீயரிங்கைப் பிடுங்காது. கெட்டித் தரையே தட்டுப்படாத சதுப்பிலும் மணலிலும்தான் அகலம் உதவும்.

எல்லாத் தரைக்கும் பொதுவான ஆல் டெர்ரெய்ன் டயரா, சேற்றுக்கான மட் டெர்ரெய்னா என்ற கேள்விக்கு, வாரம் முழுக்கத் தார் ரோட்டில் ஓட்டி ஞாயிற்றுக்கிழமை மலையேறுகிறவருக்கு ஆல் டெர்ரெய்ன் போதும் என்பேன். மட் டெர்ரெய்ன் கனமானது. சக்கரத்தின் எடை கூடினால் பிரேக் பிடிக்கும் தூரமும் ஸ்பிரிங்கின் வேலையும் கூடும், ஜிம்னியில் ஐந்தாவது டயர் தொங்கும் பின் கதவின் கீல்களும் அந்த எடையைத் தாங்க வேண்டும். எந்த டயராக இருந்தாலும் காற்றை இறக்காமல் கல்லில் ஏற்றாதீர்கள். ஜிம்னி மாதிரி லேசான வண்டிக்குப் பாறையில் 18 பிஎஸ்ஐ அளவில் வைத்தால் டயர் தரையில் நீளவாக்கில் படிந்து கல்லைக் கவ்வும். ரொம்பவும் இறக்கினால் ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும், அதனால் சாதாரண ரிம்மில் 12-க்குக் கீழே நான் போவதில்லை. திரும்பி ரோட்டுக்கு வந்ததும் காற்று நிரப்ப ஒரு நல்ல கம்ப்ரசர் வேண்டும். பத்துப் பதினைந்தாயிரம் மிச்சம் இருக்கிறது, என்ன வாங்கலாம் என்று கேட்டால் நான் சொல்வது ஒரு பிரஷர் கேஜும் கம்ப்ரசரும்தான்.

இனி கியர். 4 லோ என்பது வண்டியை வேகமாக ஏற்றுவதற்கு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேனுவல் ஜிம்னியில் முதல் கியர் 4.425, இழுவையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.002, அச்சில் உள்ள கடைசிக் கியர் ஜோடியான கிரவுன் பினியன் 4.090. மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 36. எஞ்சின் 36 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஐடிலில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறது என்று வைத்தால் வண்டி மணிக்கு 3 கிலோமீட்டருக்கும் குறைவாக ஊரும். ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமல், கிளட்சை மிதிக்காமல், ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு டயர் மெல்ல இறங்கும்படி ஓட்ட அந்த வேகம் வேண்டும். அப்படி ஓட்டுகிறவர் வண்டியில் எதுவும் உடையாது, கிளட்ச் கருகாது.

பெரிய டயர் போட்டால் இந்த 36 என்ன ஆகும் என்று யோசிக்காமல் பணத்தைப் போடுகிறார்கள். 235/75 போட்டதும் விட்டம் 5.8 சதவீதம் கூடுகிறது, அதே அளவுக்கு இழுவை குறைந்து நம் 36 கிட்டத்தட்ட 34 ஆகிவிடும். ரோட்டிலும் மேட்டில் ஐந்தாவது கியர் திணறும், ஏனென்றால் அந்த எஞ்சின் தருவதே 134 நியூட்டன் மீட்டர் டார்க்தான். ஆட்டோமேட்டிக் ஜிம்னியின் கிரவுன் பினியன் 4.300. அதை மேனுவல் வண்டியின் இரண்டு அச்சிலும் போட்டால் கணக்கு திரும்ப 36-க்கே வந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த மேம்பாடு இது. கம்பெனி பாகம், கம்பெனி உறுதி, வெளியில் பார்த்தால் எதுவும் தெரியாது, ஆனால் ஓட்டுகிறவருக்கு முதல் மேட்டிலேயே தெரிந்துவிடும்.

"இரண்டு அச்சிலும்" என்றதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜிம்னி, ஜிப்ஸி, தார், வி-கிராஸ் எல்லாமே பார்ட் டைம் 4 வீல் டிரைவ். 4 வீல் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. முன்னால் 4.090, பின்னால் 4.300 என்று இருந்தால் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒரு அச்சு மற்றதைவிட 5 மீட்டர் அதிகமாக ஓடப் பார்க்கும். மண்ணில் டயர் வழுக்கி அதைச் சமாளிக்கும், கெட்டியான பாறையில் ஷாஃப்டும் கியரும் முறுக்கிக்கொண்டு கடைசியில் ஏதாவது ஒன்று உடையும். காய்ந்த தார் ரோட்டில் 4 வீல் போடாதே என்று சொல்வதும் இதனால்தான். நாலு டயரும் ஒரே அளவில், ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

ஜிப்ஸிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. 1985-ல் இங்கே வந்த அந்த வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது, நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட் போட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கும். கழற்றுவது எளிது, உள்ளே கியரை மாற்றுவதும் எளிது. அமெரிக்காவில் சாமுராய் என்று விற்ற இதே குடும்பத்து வண்டியில் லோ விகிதம் 2.268. அதை 4.16 ஆக்கும் கியர் செட் பல ஆண்டுகளாகவே விற்பனையில் இருக்கிறது. அதைப் போட்டால் அதே கியரில் வண்டி பாதி வேகத்தை ஒட்டி ஊரும், அச்சில் கை வைக்கவே தேவையில்லை. சில செட்டுகளில் ஹை ரேஞ்சும் கொஞ்சம் குறையும், பெரிய டயர் போட்டவருக்கு அதுவும் நல்லதே. கிரவுன் பினியன் மாற்றுவதில் இருக்கும் தொல்லை, அதைச் செட் செய்வது. பினியன் எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும், பல்லுக்கும் பல்லுக்கும் எவ்வளவு இடைவெளி, பேரிங்கை எவ்வளவு இறுக்குவது எல்லாம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில் பார்க்கிற வேலை. டயல் கேஜ் இல்லாமல், பல்லில் மை தடவிப் பதிவு பார்க்காமல், கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு "சரியா இருக்கு" என்று மூடுகிற இடத்தில் எவ்வளவு விலை உயர்ந்த கியரைக் கொடுத்தாலும் சில மாதங்களில் ஊளையிட ஆரம்பிக்கும். எந்த பிராண்டு என்று தேடுகிற நேரத்தில் பாதியை யார் கை வைக்கப்போகிறார் என்று தேடுவதற்குக் கொடுங்கள்.

இப்போது டிஃபரன்ஷியல். இதில் பரவியிருக்கும் தவறான கருத்து ஒன்றைத் திருத்தாமல், ஒரு அச்சின் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றும்படி பூட்டும் லாக்கர் பற்றிப் பேச முடியாது. ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றும்போது "பவர் எல்லாம் அந்தச் சக்கரத்துக்குப் போகிறது" என்பார்கள். அப்படியில்லை. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் சமமான டார்க்கைத்தான் கொடுக்கும். அந்தரத்தில் தொங்குகிற சக்கரத்தைச் சுற்ற எந்த எதிர்ப்பும் இல்லை, அதனால் அங்கே போகும் டார்க் பூஜ்யத்துக்குப் பக்கம். அதற்குச் சமமாக, தரையில் உறுதியாக நிற்கிற சக்கரத்துக்கும் பூஜ்யத்துக்குப் பக்கம்தான் கிடைக்கும். இதைப் புரிந்துகொண்டால் தீர்வும் புரியும்: ஒன்று, தொங்குகிற சக்கரத்தைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும், அது சஸ்பென்ஷனின் வேலை. இல்லையென்றால் அந்தச் சக்கரத்துக்கு ஏதாவது எதிர்ப்பைக் கொடுக்க வேண்டும், அல்லது இரண்டையும் பூட்ட வேண்டும்.

ஜிம்னி செய்வது எதிர்ப்புக் கொடுப்பது. சுற்றுகிற சக்கரத்தை பிரேக் பிடிக்கும், அதனால் மறுபக்கத்துக்கு டார்க் கிடைக்கும். நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் டிரைவர் ஒத்துழைக்க வேண்டும். சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் பயந்து காலை எடுத்துவிட்டால் அந்த ஏற்பாடு வேலைசெய்யவே வாய்ப்பு இல்லை. சீராக ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துக்கொண்டு ஒன்றிரண்டு நொடி காத்திருந்தால் கடகடவென்று சத்தம் கேட்கும், பிறகு வண்டி நகரும். புதிதாக வாங்கியவர்கள் லாக்கர் வாங்கும் முன் இதைப் பழக வேண்டும், பாதிப் பேருக்கு லாக்கரே தேவைப்படாது. 2020-ல் வந்த தாரில் சில ரகங்களுக்குப் பின் அச்சில் ஈட்டன் கம்பெனியின் மெக்கானிக்கல் லாக்கர் வருகிறது. இரண்டு சக்கரத்துக்கும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும், வேகமாகப் போகும்போது பூட்டாது. பட்டென்று ஒரு சத்தத்தோடு பூட்டும், அது பழுது இல்லை. கூர்க்காவில் முன்னும் பின்னும் டிரைவரே பூட்டுகிற லாக் கம்பெனியிலிருந்தே வருகிறது. இந்த விலையில் இப்படி ஒரு வண்டி நம் நாட்டில் வேறில்லை என்பது என் கருத்து, அதை வைத்திருக்கும் நண்பர் எங்கள் கூட்டத்தில் மிகக் குறைவாகச் செலவழித்தவர்.

லாக்கர் இல்லாத வண்டிக்கு வெளியில் வாங்கிப் போடுவதென்றால், ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி ஏர் லாக்கர் போலத் தேவைப்படும்போது மட்டும் சுவிட்சைத் தட்டிப் பூட்டுவதையே தேர்ந்தெடுப்பேன். முன்னாலா பின்னாலா என்றால், ஒன்று மட்டும் என்றால், பின்னால். ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாய்கிறது, அங்கேதான் பிடிமானம் இருக்கிறது. முன்னால் பூட்டினால் ஸ்டீயரிங் கல்லாக இறுகும், சக்கரத்தை முழுக்கத் திருப்பிய நிலையில் பூட்டி மிதித்தால் சக்கரத்து முட்டிக்குள் இருக்கும், சக்கரம் திரும்பினாலும் இழுவையைக் கடத்துகிற சிவி ஜாயின்ட் போய்விடும்.

ஏன் போகிறது? ஜிம்னியின் 134-ஐ 36-ஆல் பெருக்கிப் பாருங்கள், 4800 நியூட்டன் மீட்டருக்கு மேல் வரும். சாதாரணமாக இது நாலு ஷாஃப்டுக்கும் பிரிந்து போகும், அதோடு டயர் வழுக்கிவிடுவதால் முழுச் சுமை எந்த ஷாஃப்டிலும் ஏறாது. டயர் வழுக்குவது ஒரு வகையில் பாதுகாப்பு. லாக்கர் பூட்டி, மற்ற சக்கரங்களுக்குப் பிடி இல்லாமல், ஒரே ஒரு சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவில் சிக்கியிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரைக் குத்தினால் மொத்தச் சுமையும் அந்த ஒரு ஷாஃப்டில் வந்து விழும். ஷாஃப்டை உறுதியானதாக மாற்றினால் சுமை கிரவுன் பினியனுக்குப் போகும், அதையும் மாற்றினால், அச்சுக்கு வருகிற பிராப்பல்லர் ஷாஃப்டின் மூட்டில் உள்ள சிலுவை வடிவப் பாகமான யு ஜாயின்ட் கிராஸுக்கு. முழுக்க உடையாத வண்டி என்று ஒன்றைக் கட்ட முடியாது. எது உடைந்தால் காட்டிலேயே ஒரு மணி நேரத்தில் மாற்ற முடியுமோ அது முதலில் உடையும்படி வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். பிராப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் அப்படிப்பட்டது. ஒரு ஸ்பேர் கிராஸும், சர்கிளிப் கழற்றுகிற பிளையரும், ஒரு சுத்தியலும் என் வண்டியில் எப்போதும் இருக்கும்.

சஸ்பென்ஷனில் பலர் முதலில் செய்ய வேண்டியதைச் செய்வதே இல்லை. ஜிம்னியின் முன் அச்சில் ஒரு ஸ்டெபிலைசர் பார் இருக்கிறது. ரோட்டில் வளைவில் வண்டி சாயாமல் பிடிப்பது அதன் வேலை. கல்லில் அதே கம்பி ஒரு சக்கரம் இறங்க மறுத்து நிற்பதற்குக் காரணமாகிறது. இரண்டு பக்க லிங்க்கையும் பின்னைப் பிடுங்கினால் கழன்று வருகிற மாதிரி மாற்றிக்கொண்டால், பாதை ஆரம்பத்தில் கழற்றி, முடிந்ததும் மாட்டிவிடலாம். லிஃப்ட் கிட்டின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும், சக்கரம் கீழே இறங்குவது கண்ணுக்கே தெரியும். மாட்டாமல் மட்டும் ரோட்டில் ஏறக் கூடாது.

ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பது எடையைப் பொறுத்தது. ஜிம்னியின் வெற்று எடை சுமார் 1200 கிலோ, மொத்த அனுமதி எடை 1545. மிச்சம் 350-க்குள். நாலு பேர் ஏறினாலே பெரும்பகுதி முடிந்தது. முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும் போட்டால் இன்னொரு ஆளை நிரந்தரமாக பானெட்டில் உட்காரவைத்த மாதிரி. மேலே ரூஃப் ரேக், அதன் மேல் கூடாரம் என்று போனால் கம்பெனி பிரேக்கை எந்த எடைக்குச் செய்ததோ அந்த எடையையே தாண்டிவிடுகிறோம். எனவே வண்டியில் எப்போதும் இருக்கிற எடை எவ்வளவு என்று முதலில் ஒரு எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள், முன் அச்சு தனியாக, பின் அச்சு தனியாக. அதற்கு ஏற்ற ஸ்பிரிங்கை வாங்குங்கள். வருடத்தில் ஓரிரு தடவை போகிற நீண்ட பயணத்தின் எடைக்கு வாங்கினால் மற்ற நாளெல்லாம் வண்டி கட்டையாகத் துள்ளும், பள்ளத்தில் சக்கரம் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். வி-கிராஸ் மாதிரி பின்னால் கமான் பட்டை போட்ட பிக்கப்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும், காலியாகப் போனால் பின்பக்கம் குதிக்கும். அதற்கு மேலும் ஒரு பட்டை சேர்க்கிறவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. லாரிக்குப் பட்டை அடிக்கிற கடையில் உயரம் கிடைக்கும், நெளிவு போய்விடும். கல்லில் நமக்கு வேண்டியது நெளிவு.

ஜிப்ஸிக்கு இன்னொரு வழி உண்டு, அச்சுக்குக் கீழே இருக்கிற பட்டையை அச்சுக்கு மேலே மாற்றுவது. சுமார் 5 இன்ச் உயரம் கிடைக்கும், நெளிவும் கெடாது. ஆனால் ஏற்றத்தில் அச்சு முறுக்கிக்கொள்ளும், பினியன் கோணத்தையும் ஸ்டீயரிங் ராடின் கோணத்தையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும், கூடவே வண்டி கவிழ்கிற சாத்தியமும் ஏறும். 2014-ல் தொடங்கிய கோவாவின் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரி போட்டிக்கு வண்டி கட்டுகிறவருக்குச் சரி. குடும்பத்தோடு ஊட்டிக்கும் போகிற வண்டிக்கு வேண்டாம்.

ஷாக் அப்சார்பரில் பிராண்டைவிட நீளம் முக்கியம். முழுக்க நீண்டால் எவ்வளவு, முழுக்க மடங்கினால் எவ்வளவு என்ற இரண்டு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ஷாக் முழுக்க மடங்கும் முன்பே பம்ப் ஸ்டாப்பர் அச்சைத் தடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு குழியிலும் ஷாக்கின் உள்ளே இரும்பும் இரும்பும் மோதும். அதேபோல ஷாக் குட்டையாக இருந்தால் எவ்வளவு நீளமான ஸ்பிரிங் போட்டாலும் சக்கரம் கீழே இறங்காது. சரியாகச் செய்கிற இடத்தில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கி வைத்து அச்சை ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் இறக்கி, எங்கே தட்டுகிறது, பிரேக் ஹோஸ் எங்கே இழுபடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பூட்டுவார்கள். ஒற்றைக் குழாயால் ஆன மோனோட்யூப் ஷாக் சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் உடம்பில் கல் பட்டுக் குழி விழுந்தால் பிஸ்டன் சிக்கிவிடும். நம் மாதிரி மெதுவாக ஊர்கிறவர்களுக்கு கேஸ் நிரப்பிய, இரட்டைக் குழாய் உள்ள ட்வின் ட்யூபே போதுமானது.

இவ்வளவுக்கும் பிறகு லிஃப்ட் வேண்டும் என்று தோன்றினால், ஜிம்னிக்கு 40 மில்லிமீட்டர், அதிகபட்சம் 50. அதோடு நில்லுங்கள். அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பனார்ட் ராட் ஒரு பக்கம் சேஸிஸிலும் மறுபக்கம் அச்சிலும் மாட்டியிருப்பதால் பாடி உயர்ந்ததும் அச்சு ஒரு பக்கம் நகர்ந்துவிடும், நீளத்தை மாற்றக்கூடிய ராட் வேண்டும். முன் அச்சைப் பிடிக்கும் கைகள் கீழ்நோக்கிச் சாய்வதால், சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவான காஸ்டர் கோணம் குறையும், ஸ்டீயரிங் வளைவுக்குப் பின் தானாக நேராகாது, வேகத்தில் வண்டி அலையும், சில நேரம் முன் சக்கரங்கள் இரண்டும் பயங்கரமாக உதறும். இதற்கு அந்தக் கோணத்தைச் சரிசெய்யும் காஸ்டர் புஷ் போட வேண்டும். உதறலை மறைக்கப் பெரிய ஸ்டீயரிங் டேம்பர் போடுவது வலிக்கு மாத்திரை, காரணம் அப்படியே இருக்கும். தாரில் முன்னால் தனித்தனிச் சஸ்பென்ஷன். தூக்கினால் டிஃபரன்ஷியலும் சேர்ந்து மேலே போகும் என்பது லாபம், ஆனால் சிவி ஷாஃப்ட் அளவுக்கு மேல் சாய்ந்து அதன் ரப்பர் உறையான பூட் கிழியும், பால் ஜாயின்ட் எல்லையில் போய் நிற்கும், சக்கரம் கீழே இறங்க மிச்சம் இருந்த தூரத்தையும் லிஃப்டே தின்றுவிடும். ஸ்பிரிங்கை மாற்றாமல் ஸ்பேசர் என்கிற கட்டை மட்டும் வைத்து 2 இன்ச்சுக்கு மேல் தூக்கிய தாரை என்னிடம் காட்டி "எப்படி இருக்கு?" என்றால், முன் சக்கரத்து ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்றுதான் முதலில் குனிந்து பார்ப்பேன்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக ஆர்சி விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதையே உறுதிசெய்தது. செக்போஸ்ட்டில் அபராதம் கட்டிவிட்டுப் போய்விடலாம், விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் வண்டியைப் பார்க்க வரும்போதுதான் பிரச்சினை. நான் டயர், கிரவுன் பினியன், ஸ்டெபிலைசர் லிங்க் என்று போவதற்கு இதுவும் ஒரு காரணம். எதைப் போடுவதாக இருந்தாலும் முன்கூட்டியே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

கடைசியாக, வேலை முடிந்து வண்டியை எடுக்கப் போகும்போது பார்க்க வேண்டியவை. சஸ்பென்ஷன் கைகளின் ரப்பர் புஷ்ஷில் உள்ள நட்டுகளை, வண்டி நாலு சக்கரத்தில் தரையில் நிற்கும்போது இறுக்கினார்களா என்று கேளுங்கள். பட்டறையில் வண்டியைத் தூக்கி வைத்துச் சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். டிஃபரன்ஷியலின் காற்றுக் குழாயை உயரத்தில் கொண்டுபோய்க் கட்டச் சொல்லுங்கள், சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும், ஆயில் பால் நிறமாகும். ஹெட்லைட் வெளிச்சம் விழும் உயரத்தைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள், வீல் அலைன்மென்ட் தாளைக் கையில் வாங்குங்கள், காஸ்டர் எண் அதில் இருக்க வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எல்லா நட்டையும் டார்க் ரென்ச் வைத்துத் திரும்ப ஒரு முறை பாருங்கள், பெயிண்ட் மார்க்கரால் நட்டிலும் போல்ட்டிலும் சேர்த்து ஒரு கோடு போட்டு வைத்தால் அடுத்த தடவை குனிந்து பார்த்தாலே எது நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.